அண்ணியின் கிளட்ச் கால்

அண்ணி! நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களை நான் கூப்பிட்ட பேர் அது ஒன்றுதான். ரேஷன் கார்டில் வேறு பேர் இருந்தது. ஆஸ்பத்திரி சீட்டிலும் அந்தப் பேர்தான். அது எனக்கு வாயில் வராது, இப்போது கையிலும் வரவில்லை. அண்ணி என்றே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சிதம்பரம் பக்கத்தில் கீரப்பாளையம். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. நான் எட்டாவதோடு நின்றவன். கடலூரில் பாய் ஒருவரின் கார் ஷெட்டில் சேர்ந்தேன். இப்போது என்ஜின் இறக்கி ஏற்றுகிற அளவுக்கு வேலை தெரியும். வாரம் முழுக்க கடலூரில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை வீடு. அண்ணி, அண்ணனுடைய சம்சாரம். காடாம்புலியூர்ப் பெண். முப்பத்தோரு வயதில் போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு அவர் முகத்துக்கும் முன்பே அவருடைய இடது கால்தான் ஞாபகம் வருகிறது.

அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே பாண்டிச்சேரியில் ஒரு கார் வாங்கிப் போட்டிருந்தான். வெள்ளை வண்டி, டர்போ என்ஜின், பின்னால் றெக்கை. முதலில் வைத்திருந்தவன் ரேஸ் பைத்தியம் போலிருக்கிறது. கிளட்சுக்குள் இருக்கிற பிரஷர் பிளேட்டை எடுத்துவிட்டு அதைவிட முரட்டு பிளேட்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். கிளட்ச் பெடலை மிதித்தால் எதிர்த்து நிற்கும். அண்ணன் வருஷத்துக்கு முப்பது நாற்பது நாள் லீவில் வந்து அதை ஓட்டுவான். மற்ற நாளெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்.

கல்யாணம் முடிந்து நாற்பதாவது நாள் அண்ணன் கிளம்பிப் போனான். போய்ச் சேர்ந்ததும் வீடியோ காலில் அண்ணியிடம் சொன்னான்.

"வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உடு. இல்லன்னா பேட்டரி எறங்கிடும். ஓட்டல்லாம் வேணாம். அந்தக் கிளட்ச் உனக்கு வராது."

"நின்ன எடத்துலயே அஞ்சு நிமிஷம் கத்திட்டுக் கெடக்க அது என்ன கோயில் ஸ்பீக்கர் குழாயா? ஓட்டுனாத்தாங்க வண்டி" என்றார் அண்ணி.

அண்ணிக்கு வண்டி புதிது இல்லை. காடாம்புலியூரில் அவர் அப்பாவுக்கு ஒரு லோடு வேன் இருந்தது. பலாப்பழ சீசனில் பழம், மற்ற நாளில் முந்திரிக்கொட்டை மூட்டை. பண்ருட்டிக்கு அண்ணிதான் ஓட்டிக்கொண்டு போவாராம். அதனால் தைரியமாகத்தான் எங்கள் வண்டியில் ஏறினார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் வீட்டில் இருந்தேன். செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்தார். வெறுங்காலில்தான் ஓட்டுவேன் என்றார்.

லோடு வேன் கிளட்ச் தொளதொள என்று இருக்கும். பாதி வரைக்கும் காலை எடுத்தாலும் ஒன்றும் நடக்காது. இந்த வண்டி அப்படி இல்லை. மிதிக்கவே பலம் வேண்டும். விடும்போது இரண்டு விரற்கடை தூரத்துக்குள் பிடித்துவிடும். அந்த இடம் காலுக்குத் தெரியவில்லை என்றால் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். அன்றைக்குப் பதினோரு தடவை ஆஃப் ஆனது. நான் எண்ணினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா, அது குதிரையா வண்டியா? எறங்கு, எறங்கு. நெல்லு மூட்ட மேல ஏத்தப் போற" என்று அம்மா கத்தினார்.

"குதிரதான் அத்த. இன்னக்கித்தான் என்னப் பாக்குது. பழகட்டும்."

நான் ஜன்னல் பக்கம் போய், "ஆக்சிலேட்டர் கொஞ்சம் ஜாஸ்தி குடுத்து எடுங்க அண்ணி" என்றேன்.

"இரு தம்பி, சொல்லாத. வண்டி மேல தப்பில்ல. நாந்தான் இன்னும் பழகல."

இதுதான் அண்ணி. இந்த ஒரு வார்த்தையில் அவரை முழுசாகச் சொல்லிவிடலாம். எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு. காடாம்புலியூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு முதல் மாதம் வாயில் வைக்க முடியவில்லை. "தண்ணி நல்லாத்தான் இருக்கு, நாக்குதான் பழகல" என்றார். அம்மா குழம்பில் காரம் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அதற்கும் அதே பதில். வீடியோ காலில் அண்ணன் குரல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நாங்கள் எல்லாம் அவன் பேசுவதற்குள் மேலே விழுந்து பேசிவிடுவோம். அண்ணி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, போனைப் பார்த்தபடி அவன் சிரிப்பு வந்து சேருகிற வரைக்கும் இருப்பார். "எப்பிடி அண்ணி இவ்ளோ பொறுமையா இருக்கீங்க?" என்று கேட்டேன். "பழகிக்கிட்டேன்" என்றார். வேறு யாராவது சொன்னால் சலிப்பாகத் தெரிகிற வார்த்தை அது. அவர் வாயில் வரும்போது புதுத் தொழில் கற்றுக்கொண்ட மாதிரி இருக்கும்.

கிளட்சையும் தொழில் மாதிரிதான் கற்றுக்கொண்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கொட்டகைக்குப் போய், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு முறம். பூண்டு உரிப்பார், கீரை ஆய்வார். இடது கால் மட்டும் பெடலை மிதித்து மெதுவாக விடும், மறுபடி மிதிக்கும். "தையல் மிஷின் மிதிக்கறாப்ல மிதிக்கறா பாரு" என்று அம்மா என்னிடம் போனில் சொல்லிச் சிரித்தார்.

அந்த வண்டிக்கு அலுமினியப் பெடல். அண்ணி காலில் மெட்டி. ஒவ்வொரு மிதிக்கும் டிங் என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, புடிக்கிற எடத்தக் கண்டுபுடிச்சிட்டேன். கால்ல தெரியல. மெட்டியிலதான் தெரியுது."

"மெட்டியிலயா?"

"ஆமா. கால மெதுவா எடுத்துக்கினே வந்தா, ஒரு எடத்துல மெட்டி லேசா அதிருது. அதான் புடிக்கிற எடம். அங்க ஒரு மூச்சு நிறுத்திட்டு உட்டா அது குதிக்கறதில்ல."

ஷெட்டில் எத்தனையோ பேருக்குக் கிளட்ச் பற்றிச் சொல்லியிருக்கிறேன். யாரும் இப்படி ஒரு விஷயத்தை எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி எப்போது கிளம்பியது என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டகைத் தூண் பின்னால் போவதைப் பார்த்துத்தான் நகருகிறோம் என்று தெரிந்தது.

அதற்கப்புறம் அண்ணி ஓட்டுவதைப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம். வேகமாக ஓட்டுவார் என்று நினைக்காதீர்கள். வேகம் அவருக்குப் பெரிதில்லை. ஒரே ஒரு தடவை, புதுச்சத்திரம் தாண்டி நாலு வழிச்சாலை காலியாகக் கிடந்தபோது, மூன்றாவது கியரில் மிதித்து இழுத்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கண்ணன் ஏன் என்னவிட இதுங்கிட்ட ஜாஸ்தி பேசறாருன்னு இப்பத்தான் தம்பி தெரியுது" என்றார்.

அவருக்குப் பிடித்தது மெதுவாக நகருவது. அறுவடைச் சமயத்தில் எங்கள் பக்கம் ரோட்டில் பாதி நெல் காயும். எதிரில் பஸ் வந்தால் எல்லாரும் நெல் மேல் ஏற்றிவிட்டுப் போவார்கள். அண்ணி ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் நெல்லுக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாக வருவார். நெல் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒரு நாள் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தது.

"ஒரு நெல்லு மேல ஏறல பாருடி! மவராசி, அந்த பஸ்ஸுக்காரனுக்கு ரெண்டு நாள் கத்துக் குடுத்துட்டுப் போ" என்றது.

அண்ணி முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அண்ணனிடம் எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கடலூருக்கு வருவார். எனக்குச் சாப்பாடு கொண்டுவருவது ஒரு சாக்கு. வண்டி ஓட்டவேண்டும், அதுதான் விஷயம். பலாக்கொட்டை போட்ட குழம்பு வந்தால் பாயும் எங்களோடு உட்கார்ந்துவிடுவார். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணி மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, கிளட்ச் கொஞ்சம் ஹார்டா இருக்கறாப்ல இருக்கு. வண்டி மேல தப்பிருக்காது. சும்மா ஒருதடவ பாரேன்."

நான் உட்கார்ந்து மிதித்தேன். எப்போதும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. சொன்னேன். ஷெட்டில் என்னோடு வேலை செய்கிறவன் டயர் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"லேடீஸ் காலுடா மச்சான். அப்பிடித்தான் இருக்கும். உங்கண்ணன ஆட்டோமேட்டிக் வாங்கித் தரச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. நானும் சிரித்தேன்.

"கஸ்டமர் சொன்னா வண்டியப் பாருங்கடா. இளிக்கறதுக்கா ஷெட்டு தொறந்து வச்சிருக்கேன்?" என்று பாய் சத்தம் போட்டார்.

"விடுங்க பாய். நாந்தான் இன்னும் பழகல போல" என்றார் அண்ணி.

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் பெடல் ஆடுகிற அச்சுக்குக் கிரீஸ் வைத்து, ராடை ஒரு மரை திருப்பிவிட்டேன். மிதி கொஞ்சம் இளகியது. சொல்லவில்லை. அந்த ஞாயிறு வேலை இருந்ததால் நான் ஊருக்குப் போகவில்லை, அண்ணி போன் பண்ணினார். "தம்பி, வந்துட்டுது! காலு பழகிட்டுது" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அதற்குமேல் எப்படிச் சொல்வேன்?

ஐந்து வாரம் கழித்து மறுபடி அதே பேச்சு. மறுபடி அவருக்குத் தெரியாமல் பெடலுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் மாட்டினேன், மிதிக்கும்போது கூடச் சேர்ந்து இழுக்கிற மாதிரி. மறுபடி "பழகிட்டேன் தம்பி" என்று போன். அண்ணனிடமும் சொல்லியிருப்பார். அவன் வீடியோவில் கிண்டல் பண்ணினான்: "கிளட்ச மிதிக்க பலமில்லன்னா சோறு கூட ரெண்டு கை தின்னு. ஒடம்பு வணங்கல உனக்கு." அண்ணி சிரித்தார். அவன் சிரிப்பு வந்து சேர்ந்ததும் இன்னொரு தடவை சிரித்தார்.

மூன்றாவது தடவை சொன்னபோது, சர்வீஸ் என்று சொல்லி வண்டியை இரண்டு நாள் ஷெட்டில் நிறுத்திக்கொண்டேன். கியர்பாக்ஸை இறக்கி, அந்த முரட்டு பிரஷர் பிளேட்டை எடுத்துவிட்டு கம்பெனி பிளேட்டைப் போட்டேன். அண்ணனுக்கும் சொல்லவில்லை, அண்ணிக்கும் சொல்லவில்லை. பாய்க்கு மட்டும் தெரியும். மிதித்துப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு குழந்தை கூட மிதித்துவிடும்.

அந்த வேலையின்போதுதான் கிளட்ச் பெடலுக்குக் கீழே கால்மிதியில் கிடந்த மெட்டியை எடுத்தேன். இடது கால் மெட்டி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய், "அண்ணி, இது வண்டியில கெடந்துது" என்று கொடுத்தேன். அண்ணி வாங்குவதற்குள் அம்மா பார்த்துவிட்டார்.

"தானா கழண்டு உழுந்துதா? கால்ல கெடக்கற மெட்டி தானா கழலுமாடி?"  உடனே அண்ணனுக்குப் போன். "கண்ணு, நல்லா இருக்கியாப்பா? ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே? உசரத்துல ஏறி வேல செய்யாதப்பா."

"நல்லாத்தாம்மா இருக்கேன். என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கேட்டேன்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலில் அண்ணன் பேருக்கும் அண்ணன் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை. அம்மாவோடு அண்ணியும் போவார். அண்ணனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டுவார். நானும் ஒரு தடவை போனேன், அண்ணனுக்காக வேண்டினேன். எங்கள் பக்கம் மெட்டி கழன்றால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். அது யார் காலிலிருந்து கழன்றதோ அந்தக் காலைக் குனிந்து பார்க்க எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

பார்த்தவர் ஒருத்தர் இருந்தார். சிதம்பரம் மேலவீதியில் மெட்டியை இறுக்கிக் கொடுத்த பத்தர். "வெரலு எளச்சிருக்கேம்மா, இந்தக் கால் மட்டும்" என்றாராம். அண்ணி அதை எங்களிடம் ஒரு வேடிக்கை மாதிரி சொன்னார். "கிளட்ச் மிதிச்சு மிதிச்சு தேஞ்சிட்டுது போல" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மெட்டி மறுபடி தளர்ந்தது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். வாசல்படியில் ஒரு தடவை தடுக்கினார். தோட்டத்தில் ஒரு தடவை விழுந்தார். கேட்டால், "படி ஒசரமில்ல தம்பி, நாந்தான் கால சரியாத் தூக்கல" என்பார்.

ஆனித் திருமஞ்சனத் தேர் சமயம். ஏதோ சாமான் வாங்க அண்ணியோடு சிதம்பரம் போயிருந்தேன். கீழவீதியில் கூட்டம். வண்டி நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டிச் சத்தம் வரவில்லையே என்று தோன்றிக் குனிந்து பார்த்தேன்.

அண்ணி இடது கையால் தன் இடது முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தார். கையால் அமுக்கினால்தான் பெடல் உள்ளே போகிறது. போனதும் கையை எடுத்து கியரைப் போடுகிறார். மறுபடி கை முழங்காலுக்குப் போகிறது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு சுலபமாகச் செய்தார். வண்டி ஒரு இடத்தில்கூடக் குதிக்கவில்லை.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"இதுவா? இப்பிடி அமுக்குனா சுலுவா இருக்கு தம்பி. ரெண்டு மாசமா இப்பிடித்தான். பழகிட்டேன்."

 அந்தப் பெடல் எவ்வளவு லேசு என்று எனக்குத்தான் தெரியும். அதை லேசாக்கினவனே நான்தான். பஞ்சு மாதிரி இருக்கிற ஒன்றை ஒருத்தர் கை கொடுத்து அமுக்குகிறார் என்றால் வண்டியில் ஒன்றும் இல்லை.

"ஓரமா நிறுத்துங்க அண்ணி."

"எதுக்கு?"

"நிறுத்துங்க. நான் ஓட்டறேன்."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். வலது பாதம் தூக்கினார். இடது பாதம் வரவில்லை. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. அப்புறம் நிறைய டெஸ்ட். தசையை ஆட்டுகிற நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துபோகிற நோய் என்றார்கள். காலில் தொடங்கி மேலே ஏறும், குணமாக்க மருந்து இல்லை என்றார்கள். ஹார்டா இருக்கு என்று அவர் முதல் தடவை சொன்னபோதே, எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். "முன்னாடியே பேர் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதாம்பா. நோய் நின்னிருக்காது" என்றார் டாக்டர். தன்மையாகத்தான் சொன்னார். நான் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். பகலில் நம்புவேன்.

அண்ணன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வர எல்லாம் வாடகை வண்டிதான். எங்கள் வண்டியைத் தொடவில்லை. "அவ ஓட்டற வண்டியில அவளப் பக்கத்துல உக்கார வச்சி நான் ஓட்டணுமா? வேணாம்" என்றான். தார்ப்பாய் மறுபடி ஏறியது.

அண்ணி ஊன்றுகோலுக்குப் பழகினார். அப்புறம் சக்கர நாற்காலி. அப்புறம் அம்மா ஊட்டிவிடுவதற்கு. அதுதான் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். முதல் நாள் இரண்டு பேரும் அழுதார்கள். அதற்கடுத்த வாரம், "அத்த, காரம் கம்மியா இருக்கு" என்று அண்ணி புகார் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பேச்சு குழற ஆரம்பித்த சமயம் அது. இன்னும் கொஞ்ச நாளில் அவரால் பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிரீஸ் வைத்தது, ஸ்பிரிங் மாட்டியது, பிளேட்டு மாற்றியது.

"நீங்க ஹார்டா இருக்குன்னு சொல்லச் சொல்ல நான் இளக்கி இளக்கி உட்டேன் அண்ணி. உடாம இருந்திருந்தா அப்பவே காலுன்னு தெரிஞ்சிருக்கும். நாந்தான் மறச்சிட்டேன்."

அண்ணி என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"பெடலு மாறுனா காலுக்குத் தெரியாதா? மொத தடவையே தெரியும். நீ சொல்லல, நானும் கேக்கல."

"ஏன் அண்ணி கேக்கல?"

"கேட்டா, கால்ல கோளாறுன்னு நானே ஒத்துக்கணும். பயமா இருந்துது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ இளக்கி உட்டதால எட்டு மாசம் ஜாஸ்தி ஓட்டுனேன். இல்லன்னா அந்த எட்டு மாசமும் ஆஸ்பத்திரி பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன். நீ மறைக்கல. குடுத்த."

அவர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்ட மனுஷி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பயப்படுகிறவர்கள்தான் அப்படிச் சீக்கிரம் பழகிக்கொள்வார்களோ என்னவோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்ன பதில் என் மனசுக்காகச் சொன்னதா, நிஜமா என்றும் தெரியவில்லை. அண்ணி பொய் சொல்ல மாட்டார். ஆனால் எனக்காக என்றால் சொல்லியிருப்பார்.

போன தை மாதம் போய்விட்டார். காலையில், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அண்ணன் கொட்டகைக்குப் போனான். தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்தான். நான் வாசலில் நின்றிருந்தேன். கிளட்சை மிதித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. என்னைப் பார்த்தான்.

"என்னடா இது? இவ்ளோ லேசா இருக்கு?"

சொன்னேன். அண்ணியிடம் சொன்னதைப் போலவே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

"ஸ்பிரிங் எப்ப மாட்டுன?"

மாதம் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"அப்பத்தாண்டா நான் போன்ல, சோறு ரெண்டு கை கூடத் தின்னுன்னு சொல்லிச் சிரிச்சேன்" என்றான்.  காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. அம்மா வந்து சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

இப்போது நான் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடலூரில் ஏதாவது ஒரு கோயிலுக்குப் போகிறேன். அண்ணிக்காக வேண்டிக்கொள்ளத்தான் போகிறேன். ஆனால் கண்ணை மூடினால் 'என்னை மன்னிச்சிடு' என்றுதான் வாயில் வருகிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தீபாராதனை ஆகிவிடுகிறது, பூசாரி தட்டை நீட்டிவிடுகிறார். அம்மாவும் என்னை மாதிரிதான் என்று தெரியும், அவர் உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் கோயிலுக்கே வருவதில்லை. அவரவர் தப்பைச் சொல்லி அழுவதிலேயே எங்கள் வேண்டுதல் எல்லாம் செலவாகிறது. அண்ணிக்கென்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அதனால்தான் இதை எழுதினேன். படிக்கிற நீங்கள் அவருக்கு ஒரு தப்பும் செய்யாதவர்கள். உங்களால் அவருக்காக மட்டும் கேட்க முடியும். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி. பாய் ஐந்து வேளையும் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் எல்லாரும், ஒரே ஒரு தடவை, எங்கள் அண்ணிக்காகக் கேளுங்கள்.